நெருப்பில் போட்ட சிலிண்டர்

அந்த ஆறு சிலிண்டர்களையும் மலைக்குத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருத்தி. ரோடு வேலை அப்போது பாதி மலையோடு நின்றிருந்தது. லாரி அதுவரைதான் வரும். அதற்கு மேல் எது போனாலும் ஆள் தலையில்தான் போக வேண்டும். சிமெண்ட் அப்படித்தான் போனது, ஓவர்சீயரின் மேசையும் நாற்காலியும் அப்படித்தான் போயின, ஒருமுறை கால் பிசகிய ஓவர்சீயரும் அப்படித்தான் போனார். சிலிண்டர் தூக்க அன்றைக்கு ஆண்கள் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். "பொம்பளைக்கு இது ஆகாது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஓவர்சீயர் சொன்னார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் சாமைக்குக் களையெடுக்கப் போயிருப்பேன். சொன்னதால் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆறாவதை நான் தூக்கினேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் திண்ணனூர் நாட்டில் அப்பன் ஊட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வாய் நீளம் என்று ஊரில் பெயர். வாய் மட்டுமல்ல, ரோஷமும் நீளம். அந்த ரோஷம் ஒருவரைக் கொன்றிருக்கும், அதே ரோஷம்தான் அவரைக் காப்பாற்றியது. எதற்காக இதை எழுதுகிறேன் என்றால் முதல் பாதியை நான் இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

ஓடைக்குக் குறுக்கே புதிதாக ஓர் அணை கட்டியிருந்தார்கள். பெரிய அணை இல்லை. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் கேட்கும். அதன் அடியில் தண்ணீர் விட ஓர் இரும்பு ஷட்டர். முதல் மழைக்கே மேலிருந்து ஒரு மரம் உருண்டு வந்து அந்த ஷட்டரில் செருகிக்கொண்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் புதுக்கரை தாங்காது, தாங்காவிட்டால் கீழே இருக்கிற வயல்கள் இருக்காது. அந்த வயல்களில் ஒன்று என் அப்பனுடையது.

எங்கள் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் மூச்சடக்கி மூழ்கிப் பார்த்தார்கள். அடி எட்டுவதற்குள் மூச்சு முட்டியது, தண்ணீரும் பனிக்கட்டி. அதனால் கடற்கரையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். காற்றை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறவர் என்றார்கள். கேட்டு நாங்கள் சிரித்தோம். அவர் கட்டிக்கொள்ளப் போகிற காற்றுக்குத்தான் இந்தச் சிலிண்டர்கள். சண்டைக் காலத்தில் ஏரோப்ளேனில் ஆட்கள் மூச்சுவிட வைத்திருந்தவையாம், ஏலத்தில் எடுத்தார்களாம்.

அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய கடுதாசி வந்தது. பழைய பூச்சு எல்லாவற்றையும் எடுத்து வெறும் இரும்பு தெரிய வைக்க வேண்டும், பூச்சுக்கு அடியில் துரு தின்ற குழி இருந்தால் வெளியே தெரியாது, நான் வந்து பார்க்கும்வரை புதுப் பூச்சு அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். ஓவர்சீயர் அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "சீக்கிரம் சொரண்டிப் போடு புள்ளே" என்றார். கடுதாசியில் இருந்தது அவ்வளவுதான் என்பதுபோல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உடைந்த ரம்பத் தகடு ஒன்று, கம்பி பிரஷ் ஒன்று, நாலைந்து உப்புத்தாள். இவ்வளவுதான் கொடுத்தார்கள். மேலே தார், தாருக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே கல்லாகிப்போன ஒரு சிவப்பு. எத்தனை கை மாறியதோ அத்தனை பூச்சு. காலையிலிருந்து உச்சிவரை சுரண்டி ஒரு உள்ளங்கை அகலம் இரும்பைப் பார்த்தேன். என் உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

அன்றைக்குக் கொட்டகையில் நான் தனி. மற்றப் பெண்கள் இதைத் தொட மாட்டோம் என்று கல் சுமக்கப் போய்விட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அடுத்தவர் புழங்கிய பழைய இரும்பை நெருப்புக் காட்டாமல் எங்கள் ஊடுகளில் உள்ளே எடுப்பதில்லை. சந்தையில் வாங்கிய பழைய கொடுவாளாக இருந்தாலும் வாசலில் நாலு சுள்ளியைப் பற்றவைத்து அதில் காட்டிவிட்டுத்தான் கையில் பிடிப்போம். இதுவோ கொடுவாள்கூட இல்லை. செத்துப்போன சண்டைக்காரர்களின் மூச்சு இருந்த இரும்பு. எனக்கும் அதை மடியில் கிடத்திச் சுரண்டுவது பிடிக்கவில்லை.

அதனால் நெருப்புக் காட்டினேன். காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். தழல் பட்ட இடத்தில் தார் கொப்பளித்து உரிவதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. காய்ந்த மூங்கிலையும் பலா விறகையும் அடுக்கி முழுசாக உள்ளே போட்டேன். வாயில் அடைத்திருந்த மரக்கட்டையைப் பிடுங்கிவிட்டுத்தான் போட்டேன், அந்த அறிவு இருந்தது. ஒரு நாழிகையில் தார், கறுப்பு, பச்சை, சிவப்பு எல்லாம் சுட்ட கத்தரிக்காய்த் தோலாகக் கழன்று வந்தது. ஆறியதும் சாக்கால் துடைத்தேன். கீழே இரும்பு மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. அவ்வளவு அழகான இரும்பை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓவர்சீயரும் வந்து பார்த்து, "பரவால்லியே, உனக்கு மூளகூட இருக்குது" என்றார்.

மறுநாள் காலையில் போனபோது என் சிலிண்டருக்குச் சிவப்பு அடிப்பூச்சு அடித்துவிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் இன்னொன்றும் சிவப்பாக நின்றது. அதை யார் சுரண்டியது என்று கேட்டேன். "உன்ற வேலையப் பாரு" என்றார் ஓவர்சீயர். நான் என் வேலையைப் பார்த்தேன்.

உச்சி வேளைக்குக் கடற்கரைக்காரர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, குட்டையான, நெஞ்சு அகலமான ஆள். மலை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மூச்சுக்காரருக்கே மூச்சு வாங்குகிறதே என்று நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. நேராகச் சிலிண்டரிடம் போனார். சிவப்புப் பூச்சைப் பார்த்ததும் கத்தினார். "யாரு இத அடிக்கச் சொன்னது? நான் பாக்காம பூசப்பிடாதுன்னு எழுதியிருந்தம்லா?"

"நானே பாத்துத்தானுங்க அடிக்கச் சொன்னேன். குழி ஒண்ணு கெடையாது, கண்ணாடிங்க" என்றார் ஓவர்சீயர்.

கடற்கரைக்காரர் ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தார். உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டையும் ஓரமாக வைத்தார். வெளியே திரும்பவும் சுரண்டச் சொல்லவில்லை. அது அவர் செய்த தப்பு. அவரும் ஒரு தப்புச் செய்தார் என்பதை நான் இங்கே சொல்லிவைக்கிறேன், எல்லாத் தப்பையும் மலைக்காரி தலையில் கட்டிவிடக் கூடாது.

பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. லேசா வருதுன்னு எவனும் இத நெருப்புல போட்டுறாதிய. இந்த இரும்பப் பதம் பாத்துச் செஞ்சிருக்கான். நெருப்புப் பட்டா பதம் போயிரும். பாக்க நல்லாத்தான் இருக்கும். காத்து ஏத்தும்போது வெடிச்சிரும்."

ஓவர்சீயரைப் பார்த்தேன். அவர் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார். "மலைக்காட்டு ஆளுவளுக்கு நெருப்ப விட்டா வேற என்ன தெரியும்? காட்டையும் கொளுத்துவிய, கெழங்கையும் கொளுத்துவிய. அதான் முன்கூட்டியே சொல்லுதேன்."

ஓவர்சீயர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இந்த ஆள் முன்னால் போய், ஆமாம், நான்தான் கொளுத்தினேன் என்று நிற்பதா? எங்கள் சனத்தைப் பற்றி அவர் சொன்னது சரி என்று நானே காட்டிக்கொடுப்பதா? மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். எனக்குப் பத்து நாள் வெந்தது.

மிச்சம் நான்கு சிலிண்டர்களையும் அவர் சொன்னபடி செய்தோம். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் கூழாகக் குழைத்துக் கனமாகப் பூசி, ஈரச் சாக்கைச் சுற்றி வைத்துவிட வேண்டும். மறுநாள் சாக்கை எடுத்தால் ஒரு படை ஊறி நெகிழ்ந்திருக்கும். அதை மரத்தகட்டால் வழித்துவிட்டு அடுத்த படைக்கு மறுபடியும் பூச வேண்டும். கூழ் பட்ட தோல் எரிந்து வெடித்தது. நாங்கள் கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டோம். எண்ணெய்க் கையோடு சிலிண்டரின் வாயைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். "அந்தக் காத்த நான் குடிக்கணும் தாயி" என்பார். ஒவ்வொரு முறை அவர் அப்படிச் சொல்லும்போதும் நான் அந்த இரண்டு சிவப்பில் என்னுடையதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது, அவர் மேலும் என் மேலும்.

நான்கிலும் வெறும் இரும்பை விரல் விரலாகத் தடவிப் பார்த்து, குழி இல்லை என்று ஆன பிறகு அடிப்பூச்சு அடித்தோம். அதன்மேல் ஆறுக்கும் மஞ்சள், இரண்டு தடவை. தண்ணீருக்குள் மஞ்சள்தான் தெரியுமாம். வெயிலில் வரிசையாக நிறுத்தி, தூக்கி, கொட்டகைக்குள் வைத்து, மறுபடி வெயிலில் வைத்ததில் எது எது என்பது போயிற்று. கழுத்தில் நம்பர் கொத்தியிருந்தது. பெயிண்ட் அதையும் நிரப்பிவிட்டது. நிரப்பாவிட்டாலும் எனக்கு என்ன தெரியப் போகிறது, அப்போது எனக்கு எழுத்தே தெரியாது. ஆறு மஞ்சள் சிலிண்டர்களின் முன்னால் நின்று என்னுடையது எது என்று தேடினேன். ஆறும் ஒன்றுபோல என்னைப் பார்த்தன.

காற்று ஏற்றுகிற அன்று காலையில் வானம் மூடியிருந்தது. அவரோடு வந்த கம்ப்ரஸரை எட்டு ஆட்கள் கம்பில் கட்டித் தூக்கி வந்து கொட்டகையில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர். சிலிண்டர் சூடாகாமல் இருக்க அதில் நிறுத்தித்தான் காற்று ஏற்ற வேண்டும். எவ்வளவு காற்று என்று ஒருவன் கேட்டான். லாரி டயரில் அடைக்கிறதைப்போல இருபத்தைந்து மடங்கு என்றார். கேட்டவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"எல்லாரும் அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போயிருங்க" என்றார். "பயப்படாண்டாம், சும்மா சொல்லுதேன். புதுசா எடுத்த சிலிண்டர்லா."

"நீங்க வர்லீங்களா?" என்று கேட்டேன்.

"நான் கைய வச்சுச் சூடு பாத்துக்கிட்டே இருக்கணும் தாயி. எவனாவது ஒருத்தன் இருக்கணும்."

எல்லோரும் போனோம். எங்களுக்கு முன்னால் ஓவர்சீயர் போனார். பாறையின் மறைவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கம்ப்ரஸர் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் கவிழ்த்த ஒரு இரும்புச் சட்டியின்மேல் குந்தி, பீப்பாய்க்குள் கையை விட்டு, சிலிண்டரின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். சாணி போட்டு நிற்கிற மாட்டைத் தொடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். எங்களை எல்லாம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருந்தார். அவர் மேல் இருந்த ரோஷம் எல்லாம் அந்த இடத்தில் செத்தது.

ஓடினேன். ஓவர்சீயர் என் சேலையைப் பிடித்தார், உதறிவிட்டேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தியது இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கம்ப்ரஸரை நிறுத்தினார்.

"ஒண்ண நான் நெருப்புல போட்டேனுங்க" என்றேன். "நீங்க வாரதுக்கு மொத நாளு. எதுன்னு தெரியலீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் வால்வைத் திறந்து ஏறிய காற்றை இறக்கிவிட்டார். அது சீறி முடிகிறவரை வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்குள் ஓவர்சீயரும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"பொய்யிங்க" என்றார் ஓவர்சீயர். "இவ ஒரு மாதிரியான புள்ளைங்க. கட்டுனவனோடவே பொழைக்கத் தெரியாதவ. நெருப்பு கிருப்பு ஒண்ணும் இல்லீங்க, நீங்க ஏத்துங்க. மழ வருதுங்க. கரை ஒடஞ்சா இவ அப்பன் வயலே போயிரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அப்பன் வயலைச் சொன்னதும் ஒரு கணம் எனக்கும் ஆட்டம் கண்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு சுண்ணாம்புக் கூழ்ச் சட்டியை இழுத்துக்கொண்டு முதல் சிலிண்டரின் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்ன பண்ற?" என்றார் ஓவர்சீயர்.

"சொரண்டறேனுங்க."

"எந்திரி. இப்ப எந்திரிக்கலைன்னா நாளைக்கு உனக்கு இங்க வேல கெடையாது."

"நாளைக்குத்தானுங்களே. இன்னைக்கு இருக்குதில்ல" என்றேன்.

புதுப் பூச்சுக்குப் பழைய பூச்சைப்போல உடும்புப்பிடி இல்லை. கூழைப் பூசிக் கொஞ்சம் ஊறவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த தேங்காய் நாரால் தேய்த்தால் கூழோடு கூழாக வந்தது. முதல் சிலிண்டர் சாம்பல் நிற இரும்பு. கடற்கரைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அதுவும் சாம்பல். மூன்றாவதில் தோளுக்குக் கீழே மஞ்சளும் சிவப்பும் வழிந்த இடத்தில் நீலம் தெரிந்தது. நான் நாரைக் கீழே போட்டேன். கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை, என் கைவேலை எனக்குத் தெரியாதா.

"பத்து நாளு பக்கத்துலயே இருந்து கூழு கொழச்சிருக்க" என்றார் அவர். "ஒரு வார்த்த சொல்லலியே தாயி."

"சொல்ல வந்தேனுங்க. நீங்க எங்க சனத்தப் பேசினீங்க. அந்தக் கோவத்துல சொல்லலீங்க."

அவர் நீல இரும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "பேசினது தப்புதான்" என்றார்.

"நான் சொல்லாம இருந்ததும் தப்புதானுங்க."

"சரி, கெடச்சிருச்சுல்ல!" என்றார் ஓவர்சீயர். அவசர அவசரமாக அந்த நீலத்தை ஓரமாக உருட்டிவிட்டார். "தொல்ல முடிஞ்சுது. மிச்சத்துக்குக் காத்து ஏத்துங்க. மானம் எப்பிடிக் கறுத்திருக்குது பாருங்க."

கடற்கரைக்காரரும் வானத்தைப் பார்த்தார். "ஒண்ணுதானே தாயி?" என்று கேட்டார்.

"நான் போட்டது ஒண்ணுதானுங்க" என்றேன்.

சொன்ன பிறகு என் சொல்லே என்னைப் பிடித்துக்கொண்டது. நான் போட்டது ஒன்று. மறுநாள் காலையில் சிவப்பாக நின்றது இரண்டு. நாலாவதை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குடி காயுது?" என்று கத்தினார் ஓவர்சீயர். "அதான் கெடச்சிருச்சே!"

"நான் காஞ்சுட்டுப் போறேனுங்க" என்றேன். அவர் என் கையிலிருந்த நாரைப் பிடுங்கி எறிந்தார். நான் எழுந்து போய் எடுத்து வந்தேன். மறுபடி பிடுங்கினார். இந்த முறை என் முந்தானையையே மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். அதைப் பிடுங்க முடியாதல்லவா. கூடி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். நாலாவது சாம்பல். ஐந்தாவது சாம்பல். ஓவர்சீயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "திருப்தியா?" என்றார்.

மிச்சம் இருந்தது பீப்பாய்க்குள் நின்ற ஒன்றுதான். காலையில் அவர் கை வைத்துக்கொண்டிருந்த அதே சிலிண்டர். அதை வெளியே தூக்கக் குனிந்தபோது ஓவர்சீயரின் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் தேய்த்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று அவசரப்படாமல் தேய்த்தேன். கழுத்திலிருந்து அடிவரை நீலம். என்னுடையதைவிட நல்ல நீலம். நன்றாக எரித்திருந்தார்.

ஓவர்சீயர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ போட்டது நல்லா வந்துச்சேன்னு அன்னிக்குச் சாயந்தரம் ஒண்ணு போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குங்க எங்களுக்கு முன்னால பாறைக்கு அந்தப் பக்கம் போனீங்க?" என்று கேட்டேன்.

கடற்கரைக்காரர் பீப்பாய்ப் பக்கத்தில் தன் கவிழ்த்த சட்டியின்மேல் உட்கார்ந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, அந்த இரண்டு சிலிண்டர்களிலும் இனி எவனும் காற்று ஏற்ற முடியாதபடி துளை போடச் சொன்னார். ஆள் மாற்றி ஆள் கை டிரில்லைச் சுற்றி இரண்டிலும் ஓட்டை விழ மாலையாகிவிட்டது.

நான்கு சிலிண்டரில் வேலை முடிந்தது. மறுநாள் இறங்கினார், அதற்கு மறுநாளும் இறங்கினார். மரத்தை அடியிலேயே அறுத்துக் கயிற்றில் கட்டி அனுப்பினார், நாங்கள் இழுத்தோம். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியபோது ஓடையில் தண்ணீர் பாய்ந்த சத்தம் பக்கத்துப் பெரக்கரை நாடுவரை கேட்டிருக்கும். அப்பன் வயல் பிழைத்தது. அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை இல்லை என்று ஓவர்சீயர் சொல்லியிருந்தார். நான் வந்து கயிற்றை இழுத்தேன். கூலி கேட்டால்தானே விரட்ட முடியும்.

அவர் கிளம்புகிற அன்று ஓவர்சீயர் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாளும் கைநாட்டு மையும் இருந்தன. இரண்டு சிலிண்டர் வீணானதற்கு மேலே பதில் எழுத வேண்டுமாம். சடங்குதான், கட்டைவிரலை வைத்துவிட்டுப் போ என்றார்.

"என்ன எழுதியிருக்குதுங்க?"

"நடந்ததைத்தான் எழுதியிருக்குது."

நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், மூட்டை கட்டிக்கொண்டிருந்த கடற்கரைக்காரரிடம் கொடுத்தேன். "படிங்கண்ணா" என்றேன். அவர் படித்தார். இன்ன ஊர்க் கூலியாளாகிய நான், என் அறியாமையினால், யாருக்கும் தெரியாமல், இரண்டு சிலிண்டர்களைத் தீயிலிட்டுப் பாழாக்கியதை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு அவர் தாளை என்னிடமே நீட்டினார்.

திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஓவர்சீயர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ற வேல போயிரும் சாமி. மூணு கொழந்தைங்க. உனக்கென்ன, கல்லுச் சொமக்கற வேலதானே, இங்கில்லீன்னா இன்னொரு எடம். உன்ன எவன் என்ன பண்ணப் போறான்?"

என்னைச் சாமி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனசு இளகவில்லை என்று சொன்னால் பொய். அவரும் பயந்த ஒரு மனிதன்தான், வழி காட்டியதும் நான்தான். ஆனால் பாறைக்குப் பின்னால் நல்ல இடம் பார்த்து உட்கார்ந்த அவர் முதுகு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"ரெண்டுங்கறத அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதுங்க. யாருக்கும் தெரியாமங்கறதையும் அடிங்க, உங்களுக்குத் தெரியும். வெக்கறேனுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து அடித்தார், எழுதினார். மறுபடியும் வெளியே கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து, மையில் விரலைத் தோய்த்து, அழுத்தி வைத்தேன்.

"அப்ப இன்னொண்ணு?" என்றார் ஓவர்சீயர்.

"அது உங்களுதுங்க" என்றேன். "உங்களுக்குத்தான் கையெழுத்தே போடத் தெரியுமே."